சட்டைக் கையும் நீலப் பந்தும்

என்னைப் போலச் சின்ன வயதில் ஜெர்மனிக்கு வந்து, இப்போது கண்ணாடி இல்லாமல் மருந்துப் போத்தலில் உள்ளதை வாசிக்க முடியாமல் நிற்கிறவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. நம் வீடுகளில் 'முகாம்' என்றால் ஒரே பொருள்தான், அகதி முகாம். இரும்புக் கட்டில், பொதுச் சமையலறை, குளிக்க வரிசை. அதனால்தான் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கடற்கரை முகாமில் குடும்பமாகத் தங்கலாம் என்று சொன்னபோது அம்மாவின் முகம் இருண்டுபோனது.

"திரும்பவும் முகாமோ?"

"இது அந்த முகாம் இல்லை அக்கா. ஜெர்மன்காரர் காசு குடுத்து விடுமுறைக்குப் போற இடம். சின்னச் சின்ன வீடுகள் இருக்கு. நான் நடுவரா நிக்கிற ஸ்னூக்கர் போட்டி அங்கை தான் நடக்குது, நடுவர்மாருக்கு ஒரு வீடு சும்மா தருகினம். நான் தனி ஆள். நீங்களும் வாங்கோ."

அம்மா பாதிதான் நம்பினார். போகிற அன்று அவருடைய பையில் ஐந்து கிலோ அரிசியும், அலுமினியச் சட்டியும், செத்தல் மிளகாயும், எல்லோருக்கும் போர்வையும், கதவைப் பூட்ட ஒரு ஆமைப்பூட்டும் இருந்தன. போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தைகளும் பூப்போட்ட கோப்பைகளும் இருந்தன. பூட்டைப் போடுவதற்குக் கதவில் வளையமே இல்லை. அம்மா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு அங்கேயே மறந்துவிட்டு வந்தோம்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் ஹம் நகரில் ஒரு தொடர்மாடியில் இருந்தோம். வெளியூர் போவதற்கு அலுவலகத்தில் அனுமதி கேட்கத் தேவையில்லாமல் போன முதல் வருடம் அதுதான். ஆனாலும் நிரந்தரமாகத் தங்குவதற்கு அப்பா கொடுத்த அன்ட்ராக் இன்னும் முடிவாகாமல் கிடந்தது. விண்ணப்பத்தை நாம் யாரும் அன்றைக்கும் இன்றைக்கும் விண்ணப்பம் என்று சொன்னதில்லை. ஏதாவது பிரச்சினையில் பெயர் அடிபட்டால் அது ஃபைலில் ஏறிவிடும் என்பது அப்பாவின் நம்பிக்கை. ரயிலில் டிக்கெற் பரிசோதகர் வந்தால் அப்பா எழுந்து நிற்பார். டிக்கெற்றைக் கொடுத்துவிட்டும் நிற்பார்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அம்மாவின் ஒரே தம்பி. கொழும்பில் கந்தோர் வேலை செய்த காலத்தில் மாலை நேரங்களில் ஒரு கிளப்பில் ஸ்னூக்கர் ஆடப் பழகியவர். இங்கே கெல்சென்கிர்ச்சனில் கேபிள் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. சனி ஞாயிறுகளில் ஒரு ஸ்னூக்கர் கிளப்பே கதி என்று கிடந்து, கடைசியில் நடுவர் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டார். வெள்ளைக் கையுறை, கறுப்பு உடுப்பு, கழுத்தில் வில் போல ஒரு சின்ன டை. முதல் தடவை அந்தக் கோலத்தில் அவரைக் கண்டபோது அம்மா சிரித்தார்.

"கலியாண மாப்பிள்ளை போல இருக்கிறாய். பொம்பிளை மட்டும் தான் இல்லை."

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரிய பச்சை மேசை. அதன் மேல் சிவப்புப் பந்துகளும், நீலம், பழுப்பு, கறுப்பு என்று வேறு நிறப் பந்துகளும். வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, அதனால் மற்றப் பந்துகளைக் குழிகளில் தள்ள வேண்டும். ஒரு சுற்றுக்கு ஃப்ரேம் என்று பெயர். ஆடுகிறவருடைய கையோ சட்டையோ எந்தப் பந்திலாவது பட்டால் ஃபவுல். முறை எதிராளிக்குப் போகும், புள்ளியும் போகும். பட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் நடுவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்த விடுமுறை முகாமின் உரிமையாளருக்கு இந்த விளையாட்டில் பைத்தியம். பருவம் முடிந்து வீடுகள் வெறுமையாகிற செப்டெம்பரில், தன் பெரிய மண்டபத்தில் மேசை போட்டு, இங்கிலாந்திலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்களை அழைத்திருந்தார். அவர்களோடு ஒரே ஒரு ஜெர்மன்காரர். பக்கத்துத் துறைமுக நகரில் பிறந்தவர். முகாமுக்கு வந்த சனம் முழுவதும் அவருக்காகத்தான் வந்தது. அவரை உள்ளூர்க்காரர் என்றே சொல்கிறேன். ஒல்லியான, சாம்பல் கண்கள் கொண்ட மனிதர். சாப்பாட்டுச் சாலையில் தனியாக இருந்து சூப் குடிப்பார். யாரையும் பார்க்க மாட்டார்.

முதல் நாட்கள் எங்களுக்குக் கடலோடு போயின. ஓஸ்ட்சே என்று ஜெர்மன்காரர் சொல்லும் பால்டிக் கடல் அது. அம்மா குனிந்து ஒரு விரலால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது என்ன கடல்? உப்பே காணாது."

அப்பா சப்பாத்தைக் கழற்றாமல் கரையில் நின்றார். காற்றை மறைக்க முதுகும் கூரையும் வைத்த பெரிய கூடைக் கதிரைகள் மணலில் வரிசையாக இருந்தன. அவற்றில் இருக்கலாமா என்று யாரிடமும் கேட்கத் தயங்கி நாங்கள் கடைசிவரை மணலிலேயே இருந்தோம். எனக்கு ஒரு நீல வாளி வாங்கித் தந்தார் மாமா. பன்னிரண்டு வயதுக்கு வாளி கொஞ்சம் வெட்கம்தான். இருந்தாலும் அதை விடவில்லை. இரண்டாம் நாள் அலை கொண்டுபோய்விட்டது. முகாமின் வாஃபிள் கடையில் இருந்த மனிதர் நான் அழுததைக் கண்டு, சுடச்சுட ஒரு வாஃபிளில் சீனியைத் தூவிக் கையில் தந்தார். பெரிய கைகள், சிவந்த முகம். காசு வேண்டாம் என்று தலையாட்டினார். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இறுதி ஆட்டத்துக்கு மாமாவை நடுவராகப் போட்டார்கள். முந்தைய ஆட்டங்களை அவர் நன்றாக நடத்தினார் என்று போட்டியின் அமைப்பாளர் சொன்னாராம். உள்ளூர்க்காரரும் ஒரு இங்கிலாந்துக்காரரும் மோதினார்கள். பிற்பகலில் பாதி ஆட்டம், இடைவேளைக்குப் பிறகு மாலையில் மீதி.

அந்த மண்டபத்தின் அமைதியை எப்படிச் சொல்வது? அத்தனை பேர் இருந்தும் பந்து பந்தில் முட்டுகிற சத்தம் பல்லில் கேட்டது. மேசைக்கு மேல் மட்டும் வெளிச்சம். மற்ற இடமெல்லாம் இருட்டு, பியர் வாசனை, நனைந்த கம்பளிச் சட்டைகளின் வாசனை. ஆட்டக்காரர்கள் கோல் நுனியில் நீலச் சுண்ணாம்பைத் தேய்க்கும்போது என் உடம்பு கூசும். அம்மா காப்புகள் சத்தம் போடும் என்று பயந்து கைலேஞ்சியால் மணிக்கட்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். அப்பாவுக்கு இருமல். வாயில் கராம்பு வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர அடக்கிக்கொண்டிருந்தார். மாமா மேசையைச் சுற்றி நடக்கும்போது அவருடைய சப்பாத்துச் சத்தமே கேட்கவில்லை. புள்ளிகளைச் சொல்லும் குரல் மட்டும் கேட்டது. அது நான் அறிந்த மாமாவின் குரல் இல்லை. தாழ்வாக, உறுதியாக, வேறு யாருடையதோ போல இருந்தது.

பிற்பகலின் கடைசி ஃப்ரேமில் உள்ளூர்க்காரர் புள்ளிகளில் முன்னால் நின்றார். வெள்ளைப் பந்து எட்டாத இடத்தில் கிடந்தது. நீலப் பந்துக்கு மேலால் எட்டித்தான் அடிக்க வேண்டும். அவர் ஒரு காலைத் தூக்கி, வயிறு மேசை விளிம்பில் அழுந்த, கையை நீட்டி அடித்தார். சிவப்பு ஒன்று சத்தமில்லாமல் குழிக்குள் போனது. சனம் கைதட்டத் தொடங்கியது.

"ஃபவுல்," என்றார் மாமா.

கைதட்டல் அறுந்தது. உள்ளூர்க்காரர் நிமிர்ந்தார். மாமா நீலப் பந்தைக் காட்டி, பிறகு தன் சட்டைக் கையைத் தொட்டுக் காட்டினார்.

"இல்லை. நான் தொடவில்லை," என்றார் உள்ளூர்க்காரர் ஜெர்மனில். கத்தவில்லை. மண்டபம் முழுவதும் கேட்டது.

மாமா ஒரு கணம் மேசையைப் பார்த்தார். "ஃபவுல். ஐந்து," என்று எதிராளிக்குப் புள்ளியைச் சொன்னார்.

இங்கிலாந்துக்காரர் கதிரையை விட்டு எழுந்து வந்தார். அவர் யாரையும் பார்க்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பந்துகளை விழுத்தி அந்த ஃப்ரேமை முடித்தார். ஒவ்வொரு பந்து விழும்போதும் பின்வரிசைகளில் ஓர் உறுமல் கூடிக்கொண்டே வந்தது. கடைசிப் பந்து விழுந்ததும் விசில், கால்களால் தரையை உதைக்கிற சத்தம். அதற்கு மேலாக ஒரு குரல் வந்தது.

"இவனை வந்த இடத்துக்கே அனுப்புங்கள்!"

திரும்பிப் பார்த்தேன். கதவோரத்தில் வாஃபிள் கடைக்காரர் நின்றார். வாயைச் சுற்றிக் கையைக் குவித்து வைத்திருந்தார். அதே பெரிய கைகள். பக்கத்தில் நின்ற சிலர் சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்று அம்மா என் காதில் கேட்டார்.

நாமெல்லோரும் பெற்றோருக்கு மொழிபெயர்த்த பிள்ளைகள். டாக்குத்தரிடம், பள்ளிக்கூடத்தில், வீட்டுக்காரரிடம். எதை மொழிபெயர்க்காமல் விட வேண்டும் என்பதையும் யாரும் சொல்லித் தராமலே பழகியவர்கள்.

"ஒண்டுமில்லை அம்மா. தோத்த கோவத்திலை கத்துறாங்கள்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஜன்னல் திரையை இழுத்து மூடினார். பிறகு அதன் ஓரத்தை விலக்கி வெளியே பார்த்தார். மண்டபத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவிலுள்ள புல்வெளியில் ஏழெட்டுப் பேர் பியர்ப் போத்தல்களோடு நின்றார்கள். அவர்கள் எங்களைப் பார்த்து நின்றார்களா, சும்மா நின்றார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"இவனுக்கு ஏன் இந்த வேலை?" என்றார் அப்பா. "பட்டுதோ படேல்லையோ, சனம் அவனுக்காக வந்திருக்கு. கண்டும் காணாத மாதிரி விட்டிருக்கலாம். இனிப் பொலிஸ் வரும், பேர் எழுதும், எல்லாம் ஃபைலிலை ஏறும்."

"பட்டபடியாத் தானே சொன்னவன்," என்றார் அம்மா. "என்ரை தம்பி பொய் சொல்ல மாட்டான்."

"பொய்யெண்டு ஆர் சொன்னது? வந்த இடத்திலை வாயைக் குறைக்கத் தெரிய வேணும்."

அம்மா போர்வைகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார். பிறகு நிறுத்தி, ஒரு ஃப்ளாஸ்கில் தேத்தண்ணியும் இரண்டு பாண் துண்டுக்குள் மீன் பொரியலும் வைத்து என்னிடம் தந்தார்.

"அவன் காலமை துவக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை. நீ சின்னப்பிள்ளை, உன்னை ஒண்டும் செய்ய மாட்டாங்கள். பின்பக்கத்தாலை போய்க் குடுத்திட்டு வா. ஆரோடையும் கதையாதை."

பின்பக்கம் பைன் மரங்கள். காய்ந்த ஊசி இலைகளில் என் கால் வைக்கிற சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது. உள்ளரங்க நீச்சல் குளத்தின் குளோரின் நாற்றம் சுவரைத் தாண்டி வந்தது. மண்டபத்தின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது ஒரு சின்ன அறையில் மாமா நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஆட்டத்தைப் படம் பிடித்த இளம் பெண். உள்ளூர்த் தொலைக்காட்சிக்காக மேசைக்கு மேலே ஒரு கமெரா பொருத்தியிருந்தார்கள். அவள் அந்த நாடாவை ஒரு சிறிய பெட்டியில் ஓட விட்டிருந்தாள்.

"பார்க்க வேண்டும் என்றால் பாருங்கள்," என்று அவள் மெல்லச் சொன்னாள். "யாருக்கும் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்."

மாமா என்னைக் கண்டார். போ என்று சொல்லவில்லை.

திரையில் அந்தக் கை நீண்டது. வெள்ளைச் சட்டைக் கையின் விளிம்பு நீலப் பந்தின் ஓரமாகப் போனது. அவள் படத்தை நிறுத்தினாள். சட்டைக் கைக்கும் பந்துக்கும் நடுவில் பச்சைத் துணி தெரிந்தது. மெல்லிய கீற்று. ஆனால் பச்சை. மேசை விளக்கின் வெளிச்சத்தில் விழுந்த கையின் நிழல்தான் பந்தைத் தொட்டிருந்தது. மாமா நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் நிழலும் துணியும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

"இன்னொருமுறை," என்றார் மாமா.

இன்னொருமுறை பார்த்தார்கள். பிறகும் ஒருமுறை. பந்து அசையவே இல்லை. மாமா பக்கத்திலிருந்த பியர்ப் பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். நான் ஃப்ளாஸ்கை நீட்டினேன். வாங்கினார், திறக்கவில்லை.

கதவு திறந்து அமைப்பாளர் வந்தார். எப்போதும் வேர்த்துக்கொண்டிருக்கிற மனிதர். திரையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"அது முடிந்த கதை," என்றார். "அடுத்த அடி அடித்த பிறகு எதையும் மாற்ற முடியாது. விதி உங்களுக்கே தெரியும்."

"தெரியும்," என்றார் மாமா.

"நடுவர் பிழை விடுவார். எல்லோரும் விடுவார்கள். மாலையில் வந்து உங்கள் வேலையைப் பாருங்கள். விருப்பமில்லை என்றால் சொல்லுங்கள், வேறு ஆளைப் போடுகிறேன். சுகமில்லை என்று அறிவிக்கலாம். ஆனால் இதைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. வெளியே நிற்கிறவர்களைப் பார்த்தீர்களா?"

"நானே செய்கிறேன்," என்றார் மாமா.

அமைப்பாளர் போனதும் மாமா என் தலையில் கை வைத்தார். "வீட்டை போ பிள்ளை. அம்மாவிட்டைச் சொல்லு, நான் சாப்பிட்டனான் எண்டு." அவர் சாப்பிடவில்லை. நான் அப்படியே போய்ச் சொன்னேன்.

மாலை ஆட்டத்துக்கு அப்பா வரமாட்டேன் என்றார். அம்மா, தான் தனியாகவாவது போவேன் என்றதும் வந்தார். மூவரும் கதவுக்குப் பக்கத்து வரிசையில் இருந்தோம், தேவைப்பட்டால் வெளியேற வசதியாக. பிற்பகலைவிடச் சனம் கூடியிருந்தது. சுவரோரமாக நின்றார்கள். மாமா உள்ளே வந்ததும் விசில் கிளம்பியது. யாரோ பன்றியைப் போல உறுமினார்கள். அம்மா என் தொடையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

அறிவிப்பாளர் ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சொல்லி முடித்தார். அப்போது மாமா அவரிடம் போய்க் கையை நீட்டினார். ஏதோ மேசை பற்றிய அறிவிப்பு என்று நினைத்திருக்க வேண்டும், அறிவிப்பாளர் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டார். முன்வரிசையில் அமைப்பாளர் பாதி எழுந்தார்.

மாமாவின் ஜெர்மன் மெதுவானது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகத் தூக்கி வைப்பார். "பிற்பகலில் நான் நீலப் பந்தில் ஃபவுல் சொன்னேன். பிறகு படத்தைப் பார்த்தேன். சட்டைக் கை படவில்லை. நான் சொன்னது பிழை. விதிப்படி அதை இப்போது மாற்ற முடியாது. ஆனால் அவர் சொன்னது உண்மை என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையுறையைச் சரி செய்தார்.

பின்னாலிருந்து யாரோ மெதுவாக, கேலியாக, மூன்று தடவை கைதட்டினார்கள். சிரிப்பு எழுந்தது. வாஃபிள் கடைக்காரர் பக்கத்திலிருந்தவரின் தோளில் தட்டினார். வென்றுவிட்டோம் என்பது போல. உள்ளூர்க்காரர் தன் கதிரையில் இருந்தபடி மாமாவைப் பார்த்தார். எழுந்து வரவில்லை, கை கொடுக்கவில்லை, தலையும் ஆட்டவில்லை.

அப்பாவுக்கு ஜெர்மன் அவ்வளவாக விளங்காது. ஆனால் மன்னிப்புக்கான சொல் நன்றாக விளங்கும். அலுவலகங்களில் நாளுக்குப் பத்துத் தடவை சொல்லுகிற சொல். அவர் மூச்சை விட்டார்.

"கெட்டிக்காரன். மன்னிப்புக் கேட்டிட்டான். இனிப் பிரச்சினை இல்லை."

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "என்ரை தம்பியை இத்தினை சனத்துக்கு முன்னாலை தலை குனிய வைச்சிட்டாங்கள்."

"இல்லை அம்மா," என்று நான் அவசரமாகக் காதுக்குள் சொன்னேன். "மாமா பிழையாத் தான் சொன்னவர். நான் படத்திலை கண்டனான்."

"அவங்கடை படம் தானே," என்றார் அம்மா. "நீ சின்னப்பிள்ளை. காட்டினதையெல்லாம் நம்புவாய். சும்மா இரு."

ஆட்டம் தொடங்கியது. ஒரு ஃப்ரேம் இவர் எடுத்தால் அடுத்ததை அவர் எடுத்தார். சனம் இப்போது மாமாவை ஒரு விளையாட்டுப் பொருளாக்கிக்கொண்டது. அவர் பந்தை எடுத்துத் துடைத்து வைக்கும்போதெல்லாம் "கவனம், பட்டுவிடும்!" என்று ஒரு குரல், அதற்குச் சிரிப்பு. மாமாவின் முகத்தில் ஒன்றுமில்லை. அமைதி என்று சொல்வார். சத்தம் அடங்கும்வரை காத்திருப்பார். பிறகு ஆட்டத்தைத் தொடர விடுவார். மேல் ஜன்னல்களுக்கு வெளியே வானம் செம்மஞ்சளாகி, சாம்பலாகிக்கொண்டிருந்தது.

இருவரும் சமமாக வந்து நின்றார்கள். மிச்சம் ஒரே ஒரு ஃப்ரேம். அதில் வெல்பவருக்குக் கிண்ணம். உள்ளூர்க்காரர் நன்றாக ஆரம்பித்தார். ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு, மறுபடி ஒரு சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் மண்டபம் மூச்சை இழுத்து விட்டது. இப்படியே போய், இன்னும் சில பந்துகள் விழுந்தால் போதும் என்ற நிலை வந்தது. அப்போது வெள்ளைப் பந்து மறுபடியும் தூரமாகப் போய் நின்றது. அவர் மறுபடியும் காலைத் தூக்கி, மேசையில் சாய்ந்து, கையை நீட்டினார். இந்த முறை பக்கத்தில் கிடந்தது ரோஸ் நிறப் பந்து.

அடித்தார். சிவப்பு விழுந்தது. கைதட்டல் வெடித்தது. நான் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 

"ஃபவுல்," என்றார்.

அந்த மண்டபம் அமைதியானது என்று சொன்னால் போதாது. வெளியே கடல் கேட்டது. மாலை முழுவதும் நான் அதைக் கேட்டிருக்கவில்லை. அப்பா கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். "எழும்பு," என்றார் அம்மாவிடம். அம்மா எழும்பவில்லை.

இப்போது உள்ளூர்க்காரர் 'இல்லை' என்று தலையசைத்தால் போதும். பிழை விட்டதாகத் தன் வாயால் ஒப்புக்கொண்ட நடுவர். ஒரே நாளில் இரண்டாம் தடவை. அந்த மண்டபத்தில் யார் மாமாவை நம்புவார்கள்? எங்களிலேயே யார் நம்பியிருப்போம்?

உள்ளூர்க்காரர் மேசையிலிருந்து மெதுவாக நிமிர்ந்தார். தன் சட்டைக் கையின் விளிம்பைப் பார்த்தார். ரோஸ் பந்தைப் பார்த்தார். அது கொஞ்சம், மிகக் கொஞ்சம், தன் இடத்திலிருந்து விலகி இருந்ததா? எனக்குத் தெரியவில்லை. பிறகு மாமாவைப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்வரிசையில் ஒருவர் "சொல்லு, படவில்லை என்று சொல்லு!" என்று கத்தினார்.

உள்ளூர்க்காரர் சத்தம் வந்த பக்கம் திரும்பவே இல்லை.

"யா," என்றார். "பட்டது."

கோலை எடுத்துக்கொண்டு போய்த் தன் கதிரையில் இருந்து, தண்ணீர்க் குவளையை வாயில் வைத்தார். 

இங்கிலாந்துக்காரர் எழுந்து வந்தார். மிச்சப் பந்துகளை அவர் விழுத்திய விதத்தில் எந்த மகிழ்ச்சியும் இல்லை. கறுப்பு கடைசியாக விழுந்தபோது கைதட்டியவர்கள் சிலர்தான். சனம் சத்தம் போடவில்லை. சத்தம் போட எதிரில் ஓர் ஆள் இல்லாமல் போய்விட்டது. யாரைத் திட்டுவது? கோட்டுகளை மாட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எங்களைக் கடந்து போனார்கள். வாஃபிள் கடைக்காரர் என்னைக் கண்டார். பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

ஒரே ஒரு ஃப்ரேம் வித்தியாசத்தில் உள்ளூர்க்காரர் தோற்றார். பிற்பகலில் அந்தப் பிழை நடக்காமல் இருந்திருந்தால் கடைசி ஃப்ரேமுக்கே தேவை வந்திருக்காது. மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். மாமாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை ரயில் நிலையத்துக்குப் போக நாங்கள் ஒரு டாக்சியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது உள்ளூர்க்காரரின் கார் எங்களைக் கடந்தது. கொஞ்சத் தூரம் போய் நின்றது. அவர் இறங்கி வந்து மாமாவிடம் ஏதோ சொன்னார். இரண்டு வசனம்தான் இருக்கும். மாமா ஒன்று சொன்னார். பிறகு கார் போய்விட்டது. என்ன கதைத்தார்கள் என்று அப்பா கேட்டார். "றோட்டு வேலை நடக்குதாம், மற்ற வழியாலை போகட்டாம்," என்றார் மாமா. அப்பா அதை நம்பியதால் மற்ற வழியால் போய், ரயிலைத் தவற விட்டோம்.

அதற்குப் பிறகு பெரிய போட்டிகளுக்கு மாமாவை யாரும் அழைக்கவில்லை. பிழை விட்டதற்காக இல்லை, ஒலிவாங்கியை எடுத்ததற்காக. கெல்சென்கிர்ச்சனில் கிளப் ஆட்டங்களுக்கு மட்டும் பல வருடங்கள் நடுவராக இருந்தார். வீட்டில் அந்தக் கதை இரண்டாகப் பிரிந்துவிட்டது. அப்பா விருந்தாளிகளிடம், "என்ரை மச்சான் நிலைமை விளங்கின ஆள், டக்கெண்டு மன்னிப்புக் கேட்டு எங்களைக் காப்பாத்தினவன்," என்று பெருமையாகச் சொல்லுவார். அம்மா அந்தப் பேச்சு வந்தால் எழுந்து குசினிக்குப் போய்விடுவார். அப்பா பாராட்டியதும் அம்மா வெட்கப்பட்டதும் நடக்காத ஒரு விஷயத்துக்காக. நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்கு நான் எப்போதும் அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைதான். அப்பா தன் கதையோடே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சென்ற வருடம் அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு எல்லோரும் டுசல்டோர்ஃபில் என் வீட்டில் கூடினோம். என் மகள் பேச்சுவாக்கில் மாமாவின் பழைய படம் ஒன்றைக் காட்டி, இந்த உடுப்பு என்ன என்று கேட்டாள். அம்மா தொடங்கிவிட்டார்.

"உன்ரை மாமாத் தாத்தாவை அண்டைக்கு அந்தச் சனம் வெருட்டினது. பாவம், பயந்து போய் மன்னிப்புக் கேட்டவன்."

"அம்மா, அவர் பயந்து கேக்கேல்லை," என்றேன். எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. "அவர் விட்டது பிழை. படத்திலை இடைவெளி தெரிஞ்சது. ஆரும் கேக்க முதலே, சொல்லாதை எண்டு சொன்ன பிறகும், அவர் தானாப் போய்ச் சொன்னவர். நான் அந்த அறையிலை நிண்டனான் அம்மா."

என் மகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா என்னை நம்பாமல் தம்பியைப் பார்த்தார். மாமா கேக் தட்டோடு மூலையில் இருந்தார். முடியெல்லாம் வெள்ளை. காது கொஞ்சம் மந்தம்.

"உண்மையோ?" என்றார் அம்மா. "நீ அண்டைக்குப் பயப்படேல்லையோ?"

மாமா தட்டைக் கீழே வைத்தார்.

"பயந்தனான் தான் அக்கா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், பார்த்தியா என்பது போல.

"மன்னிப்புக் கேக்கேக்கை இல்லை," என்றார் மாமா. "ரெண்டாம் தரம் ஃபவுல் எண்டு சொல்லேக்கை. நாக்கு வறண்டு போச்சு. இதுவும் பிழையாப் போனா அந்த மனிசனை நான் ரெண்டு தரம் கொலை செய்த மாதிரி எண்டு நினைச்சனான்."

 அம்மா மறுபடி அவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஏன் சொன்னனீ? பேசாமல் விட்டிருக்கலாமே, தம்பி."

"பட்டது அக்கா," என்றார் மாமா. "நான் கண்டனான்."